புளி போட்டுத் தேய்த்த காசு

பொன்னம்மை ஆச்சி, கணவரின் குஷாணர் காலத்துக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்.

செம்புக் காசு. ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் நந்தியோடு நிற்கும் சிவன். மண்ணுக்குள் கிடந்து ஏறிய பச்சைப் படலம்தான் அதன் வயதுக்குச் சாட்சி என்று கணவர் காசிவிஸ்வநாதன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது நேற்று வாங்கிய குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுனில் நாணயச் சங்கத்தின் கண்காட்சி. இன்னும் இரண்டே நாள். 'தெய்வங்களும் விசித்திர விலங்குகளும்' என்று தலைப்பு வைத்தவரே அவர்தான். கொரிந்து நகரத்தின் சிறகுக் குதிரை, விஜயநகரத்தின் இரட்டைத்தலைப் பறவையான கண்டபேருண்டம் எல்லாம் ஓரமாக நிற்க, நடுவிடம் இந்தச் சிவனுக்கென்று ஒதுக்கியிருந்தார்.

ஜெலுத்தோங்கில் அந்த அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் அவர் போட்ட சத்தம் ஆறாவது மாடி வரை கேட்டதாம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம், பொன்னம்மை. எத்தனை படையெடுப்பு. ஒருத்தனும் ஒண்ணும் பண்ணல. நீ அரை மணி நேரத்துல முடிச்சிட்டே."

அத்தனை கோபத்திலும் அவர் அதை இரண்டாயிரமாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"சாமிக்குப் பொட்டு வைக்கலாம்னு எடுத்தேன். அழுக்கா இருந்துச்சு" என்றார் ஆச்சி.

அழுக்கு என்ற சொல்தான் அவரை உட்கார வைத்தது. காசு அலமாரியில் 'தொடாதீர்' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

பத்து காவான் ஊரிலிருந்து மகள் அபிராமி தொலைபேசியில் அழைத்தாள். அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டு, இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தும் பழைய காசைக் கழுவக் கூடாது என்பதுகூடத் தெரியாதா என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ரோசலினும் வந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் நாதன் வந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சங்க உறுப்பினர்.

நாதன் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. போன வருஷம் அவர் ஆசையாகக் கொண்டுவந்த காசு ஒன்றை, காசிவிஸ்வநாதன் எல்லார் முன்னிலையிலும் போலி என்று சொன்னார். சொன்னதோடு விடவில்லை. அந்தக் காசையே கையில் வைத்துக்கொண்டு, போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கால் மணி நேரம் பேசினார். நாதன் மூன்று மாதம் சங்கத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது சட்டைப்பையில் புது பூதக்கண்ணாடி இருந்தது. எதற்கு என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆச்சிக்கும் தெரியும்.

"கேள்விப்பட்டேன் அண்ணே" என்று நாதன் உட்கார்ந்தார்.

தம்மால் அதை இனிமேல் கண்கொண்டு பார்க்க முடியாது என்று சொல்லி, காசிவிஸ்வநாதன் காசை அவர் பக்கம் தள்ளினார்.

நாதன் பூதக்கண்ணாடியை விரித்து, காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரசனைப் பார்த்தார். சிவனைப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பார்த்தார்.

ஓரத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து, உலோகத்தை உருக்கி ஊற்றினால் வரும் கோடு. அந்தக் காலத்துக் காசு சம்மட்டியால் அடித்தது. அதில் இது இருக்காது.

பிறர் காசு என்றால் காசிவிஸ்வநாதன் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார். பாங்காக்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இதை வாங்கியபோது முதலில் சிவனைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு ஓரம் எங்கே கண்ணில் படும்?

ஒரு வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் நாதனின் வாய்வரை வந்தது.

அடுப்படி வாசலில் கோப்பித் தட்டோடு ஆச்சி நின்றிருந்தார். நாதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாதன் பூதக்கண்ணாடியை மடக்கினார்.

"அருமையான காசு அண்ணே. இப்படி ஆயிடுச்சே."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் தாமே எடுத்துச் சொல்லிவிடுவதாகவும், நடுவில் கண்டபேருண்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். காசிவிஸ்வநாதனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெருந்தன்மையோடு மனைவியை மன்னிக்கவும் செய்தார்.

"அவளைச் சொல்லி என்னலா, நாதன். காசைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

ஆச்சி லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தார். நாதன் பொத்தானை அழுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆச்சி, அது போலிக் காசு. ஓரத்துல தெரியுது."

"ஓரமெல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாது தம்பி. பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஈரத்துணியால ஒரே ஒரு தடவை துடைச்சேன். பச்சை அப்படியே துணியில வந்துடுச்சு. நிஜப் பச்சை அப்படி வராதுன்னு இவர் முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்காரே."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நாதன் ஏறவில்லை.

"அதுக்கப்புறம்தான் தம்பி, புளியை ஊறப் போட்டேன்."