மைனாவதியின் பட்டை

"உங்களுக்குக் குணமாயிருச்சுங்க" என்று சொல்லி, அரசின் குடிநோய் ஆராய்ச்சி அதிகாரி செங்கோடனின் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினார். குடிக்கும் ஆசை எழுந்தால் சிவக்கும் பட்டை அது. மாதக்கணக்காகப் பச்சையிலேயே நின்றது. அவன் மனைவி மைனாவதிக்குக் கட்டியிருந்ததை மட்டும் அவர் தொடவில்லை. அது பயத்தைக் காட்டுவது.

பகலெல்லாம் பச்சையாக இருக்கும் அது, செங்கோடன் பட்டறையிலிருந்து வீடு திரும்பினால் சிவந்துவிடும். எதனால் என்று தெரியாமல் அவனுக்கு மண்டை குடைந்தது.

பைக் சத்தமாக இருக்குமோ என்று தெருமுனையிலேயே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அப்போதும் சிவந்தது. கேட்டுக்கு எண்ணெய் விட்டான். சிவந்தது. ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். பட்டை ரத்தமாகச் சிவந்தது. முன்பெல்லாம் குடித்த நாட்களில் மட்டுமே பூவோடு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் வாசலிலேயே நின்று மனைவியைக் கூப்பிட்டான்.

"கிட்ட வா. ஊதறேன், மோந்து பாரு."

"நானொண்ணும் கேக்கலீங்களே" என்றாள். ஆனாலும் வந்து முகத்தை நீட்டினாள்.

அவன் ஊதினான். சிவப்பு மெல்ல மங்கிப் பச்சையானது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கும் ஊதுவீங்களா?" என்று கேட்டாள் மைனாவதி.