முப்பத்தொன்பதாவது ராஜினாமா

கல்லூரி ஆவணக் காப்பகத்தில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு கழன்ற மாடத்திக்கு வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. பதினோரு வருட வேலை. நிரந்தரமாக்கச் சொல்லி மனுப் போட்டாக வேண்டும். மறைந்த பேராசிரியர் ஞானசிகாமணியின் பெட்டி முன்னால் போய் நின்றாள். செத்தவர்களின் பழைய கடிதங்களை அடைத்து வைத்த பெட்டிகள் இப்போதெல்லாம் அவர்கள் பாணியிலேயே புதுக் கடிதமும் எழுதித் தருகின்றன.

“ஐயா, வேலை விசயமா முதல்வருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க.”

தந்ததை வாசிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள். அவளைப் போலவே ஒப்பந்தத்தில் கூட வேலை பார்க்கும் ரோசம்மா நகலை வாசித்தாள்.

“ஏட்டி, இது ராஜினாமா. ‘மானமுள்ளவன் இங்கே ஒரு நாழிகையும் இருக்க மாட்டான்’னு போட்டிருக்கு.”

“நான் மனுவுக்குல்லா கேட்டேன்?”

“அந்த மனுசன் முதல்வருக்கு எழுதினது பூரா ராஜினாமாதான். முப்பத்தெட்டு. ஒரு நாளும் போகல.”

மாடத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. முதல்வர் அலுவலகத்திலும் பதில் எழுதுவது ஒரு பெட்டிதான். பழைய முதல்வர் தேவசகாயத்துடையது. அந்த முப்பத்தெட்டுக்கும் ஒரே பதிலை எழுதியவர் அவர்.

‘கோபம் வேண்டாம். தாங்கள் இன்றிக் கல்லூரி இயங்காது. ஓய்வு பெறும் வயதுவரை தங்களை விடுவதாக இல்லை. இதையே ஆணையாகக் கொள்க.’

கீழே கல்லூரி முத்திரையும் இருந்தது.

மாடத்தி இடுப்பு வலியை மறந்து, காலிப் பெட்டியொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று ஆடினாள். ரோசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஞானசிகாமணியிடம் போனாள்.

“ஐயா, எனக்கும் ஒரு ராஜினாமா. கோவத்தைக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க.”