அவரும் அவனும்

வாயைத் திறக்கும் முன் அவள் இன்னொரு தடவை திரையைப் பார்த்துக்கொண்டாள்.

திரையில் மூன்றாம் பம்பு சிவந்து கிடந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே மூன்றாம் பம்பு, ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் இருப்பது அசலின் இரட்டை. அசலில் ஒட்டியிருக்கும் சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, அதற்கு வரப்போவதை முன்கூட்டியே காட்டும். அவள் உருவாக்கியது. இந்த பம்ப் ஹவுஸ்காரர்கள் இத்தனை வருஷமாகப் பார்த்த கோளாறையெல்லாம் கேட்டுக் கேட்டு அதற்குள் போட்டிருந்தாள்.

பேரிங் உடையப் போகிறது என்கிறது இரட்டை. இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதாம்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் பொங்கியண்ணன் போய் அசலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சூடில்லை. சத்தத்தில் மாற்றமில்லை.

நல்ல கோடை. இன்னொரு பம்பு பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. இதையும் நிறுத்தினால் சாயங்காலம் ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஓடும்போதே உடைந்தால் ஷாஃப்டும் போய்விடும், வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. வீணாக நிறுத்தினாள் என்றால் இரட்டையை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். அவளையும் சேர்த்துத்தான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. திரையில் சோதனை பார்க்க, "மூணை நிறுத்துங்க" என்றாள். பொங்கியண்ணன் அசலை நிறுத்திவிட்டார். ஊரே போனில் வந்து திட்டியது.

அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். அசல் 'அவர்'. திரையில் இருப்பவன் 'அவன்'.

"ஒரு சொட்டுத் தண்ணி தூக்காதவனுக்கு என்னங்க மரியாதை?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அவனை நிறுத்து, அவனை ஓட்டு என்றே நாள் போயிற்று. அவரை நிறுத்தச் சொல்லும் நிலைமை இதுவரை வரவில்லை.

பயமாகத்தான் இருந்தது.

ஆனால் அவன் சொல்வதில் சந்தேகம் இல்லை.

"அண்ணா, அவரை நிறுத்துங்க."

பொங்கியண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு போய் சுவிட்சை அணைத்தார்.

அந்தக் கட்டடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. யாரும் எடுக்கவில்லை.

ஃபிட்டர்கள் பேரிங் மூடியைக் கழற்றினார்கள். பொங்கியண்ணன் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். விரலில் வந்த கிரீஸ் முழுக்க இரும்புத் துணுக்கு.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய் போனை எடுத்தார்.

"ராத்திரிக்குள்ள தண்ணி வந்துருமுங்க. பேரிங் மட்டுந்தான்."

புது பேரிங் உட்கார்ந்தது. மூடி ஏறியது. பொங்கியண்ணன் சுவிட்சில் கை வைத்தார்.

வைத்தவர் அழுத்தவில்லை. கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார்.

"ஓட்டலாமான்னு அவரு என்னங்க சொல்றாரு?"