பெற்றோர் சார்பில் இரண்டு நிமிடம்

மைக்கைப் பிடித்து ஸலாம் சொன்னேன். பாதி மண்டபம் பதில் ஸலாம் சொன்னது. மீதிப் பாதி இன்னாலில்லாஹி என்றது.

மௌத்து, அதாவது மரணச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினாறு வருடமாக எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வாசிக்கிறவன் நான். இந்தக் குரல் ஸலாம் சொன்னால் அடுத்து வருவது ஒரு பெயர். பிறகு அவர் யாருடைய கணவர், யாருடைய மருமகன் என்ற விபரம். கடைசியாக அடக்கம் எத்தனை மணிக்கு என்பது. இந்த ஒழுங்கு எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம்.

ஆனால் இது பாலர் பாடசாலையின் விடுகை விழா. மேடையில் என் பேத்தி ஸம்றா வண்ணத்துப்பூச்சிச் செட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பெற்றோர் சார்பில் இரண்டு நிமிடம் பேச இந்த வருடம் எங்கள் வீட்டைத்தான் கேட்டார்கள். ஸம்றாவின் வாப்பா உயிரோடு இல்லை. அதனால் நான். பிள்ளைகளின் விழா, கொஞ்சம் சிரிக்கிற மாதிரிப் பேசுங்கள் என்று நதீரா டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் முயன்றிருப்பேன்.

ஸம்றாவின் உம்மா ஹுஸ்னியா என் மகள். கணவன் மௌத்தாகி இந்த இரண்டு வருடமும் அவளால் என் குரலைத் தாங்க முடியவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். சோறு போடும்போது ஏதும் கேட்டால் ஓம், இல்லை. அதோடு குசினிக்குள் போய்விடுவாள். கோபம் என்றால் சமாதானம் பேசலாம். குரலை என்ன செய்வது? என் வாயிலிருந்து வரும் ஏதாவது ஒன்றுக்கு அவள் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும் என்று கிடந்தேன்.

ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் பகிடி படிக்கத் தொடங்கினேன்.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். பத்திரிகையில் வந்தது, போனில் பார்த்தது எல்லாவற்றையும் எழுதினேன். எங்கே நிறுத்தி மூச்சுவிட வேண்டும் என்று சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போய் அலைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து, யார் வீட்டில் என்று கேட்டார்கள்.

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் றம்ஸீன் என் பழைய கூட்டாளி. அவரிடம் இருப்பதிலேயே நல்ல பகிடியைச் சொன்னேன். அவர் மெசினை நிறுத்தினார். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். முழுவதையும் கேட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்றார்.

இப்போது மண்டபத்தில் முந்நூறு பேர். பெயர் தெளிவாகக் கேட்கட்டும் என்று யாரோ மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு மாதமாகப் பாடமாக்கியதில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

"பயப்படாதீங்க. இண்டைக்கு ஒருத்தரும் மௌத்தாகல்ல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நாலைந்து பேர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

பெண்கள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஹுஸ்னியா இந்நேரம் எழுந்து போயிருப்பாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கை டீச்சரிடம் நீட்டப்போனேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து அது வந்தது.

"அப்ப, அடக்கம் எத்தின மணிக்கு?"

மண்டபம் சிரித்தது பாருங்கள், அப்படியொரு சிரிப்பை நான் என் ஆயுளில் கண்டதில்லை. சந்தேகப்பட்ட பெரியவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். நதீரா டீச்சர் மேடைத் திரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். ஏன் என்று தெரியாமலே பிள்ளைகள் துள்ளினார்கள். ஸம்றாவின் செட்டை ஒன்று கழன்று விழுந்தது.

நான் மலைத்துப்போய் நின்றேன். நாலே நாலு சொல். பதினாறு வருடமாக ஊர் என் குரலுக்குப் பயந்த பயம் முழுவதையும் அந்த நாலு சொல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஸுப்ஹானல்லாஹ், மனிதர் வாயில் இப்படியும் ஒன்றை வைத்திருக்கிறாயா என்று நெஞ்சு விம்மியது. நாற்பது பக்கத்தில் எனக்குக் கிடைக்காததைக் கண்டுபிடித்த அந்தப் புண்ணியவதி யார்?

பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். வாசல் கதவருகே, வெளியே போக எழுந்தவள் போகாமல் நின்றாள். தலையில் போட்டிருந்த சோலால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

ஹுஸ்னியா.

அழுகிறாளோ என்றுதான் முதலில் பயந்தேன். இல்லை, சிரிக்கிறாள். என்னை நேரே பார்த்துச் சிரிக்கிறாள்.

அவள் கணவனின் அறிவித்தலையும் நான்தான் வாசித்தேன். வேறு யாரும் வாசிக்க நான் விடவில்லை. அப்துல் கபூரின் மருமகன் என்று என் பெயரை நானே சொன்னதோடு வாசிப்பு நின்றுவிட்டது. அடக்கம் எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லாமலே மைக்கை நிறுத்திவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும், ஹுஸ்னியாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அடுத்ததாக அவளிடம் அதைத்தான் கேட்டார்கள்.