எழுதி வைத்த எண்கள்

சர்வர் அறைக் குளிரிலும் தலைமைப் பொறியாளருக்கு வியர்க்கிறது. இன்று காலை அவர் அப்டேட் செய்த பெரிய சர்வர் தன் நெட்வொர்க் அமைப்புகளை மொத்தமாக இழந்துவிட்டது. அதை நம்பி ஓடும் மருத்துவமனைக் கணினிகள் எதுவும் வேலை செய்யவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நோயாளிகளின் வரிசை வாசல்வரை நீள்கிறது. "அப்டேட்டுக்கு முன்னாடி நெட்வொர்க் நம்பர் எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கலாம் சார்" என்று நேற்று சொன்ன உதவிப் பொறியாளரை, நாலு பேர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவர் அவர்தான். இப்போது அந்தப் பெண் அவர் பக்கத்தில் நின்று, தானாகவே எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து அந்த எண்களை நிதானமாக வாசிக்கிறாள். "பத்து, புள்ளி இருபது, புள்ளி மூணு, புள்ளி ஒண்ணு, சார்." ஒரு குத்தல் பேச்சுப் பேசியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கடைசி எண்ணைத் தட்டியதும் சர்வரின் பச்சை விளக்குகள் படபடவென்று துடிக்கின்றன. மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க சார்!" இவள்தான் காப்பாற்றினாள் என்று சொல்லப் பொறியாளர் வாயெடுக்கிறார், அதற்குள் தலை ஆமென்று தானாக ஆடிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க அவருக்குக் கழுத்து திரும்பவில்லை.