அப்பாவின் காலை ஜெபம்

சிவகுருவைக் கட்டிக்கொண்டு புனேவுக்கு வந்ததிலிருந்து பெனிட்டாவிடம் அப்பா பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் காலையில் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து அம்மா போன் செய்தாள். "ஏட்டி, சத்தம் காட்டாத. அப்பா ஜெபம் பண்ணப் போறாவ," என்று கிசுகிசுத்துவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் போனை எங்கோ மறைத்து வைத்தாள்.

பெனிட்டா ஸ்பீக்கரைப் போட்டாள். ஆப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு சிவகுருவும் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். வழக்கம்போல அப்பா பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார்.

"ஆண்டவரே, சாமுவேலை ஆசீர்வதியும். கிரேஸை ஆசீர்வதியும்."

அடுத்தது அவள் பெயர். அது வரவில்லை. பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அணைத்துவிடலாம் என்று சிவகுரு போனை நோக்கிக் கை நீட்டினான். அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"தூரத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் ரெண்டு பேரையும்..."

அதற்குமேல் அவருக்குக் குரல் எழும்பவில்லை. அம்மாதான் ஆமென் சொன்னாள்.

நீட்டிய கையை எடுக்காமலே சிவகுரு கேட்டான்:

"ரெண்டு பேருன்னா சொன்னாவ?"