கடுகுக்கு முதுகுவலி

சேணத்தை வைத்ததுதான் தாமதம், குதிரை பின்னங்கால்களைத் தூக்கி உதைத்தது. தண்ணீர் வாளி சுவர்வரை பறந்தது.

“பார்த்தீங்களா டாக்டர்? கடுகுன்னு பேர் வெச்சாலும் வெச்சோம், தொட்டாலே வெடிக்குது!” என்றார் அண்ணன். “எல்லாம் இவன் கொடுத்த செல்லம். தடை தாண்டுற போட்டிக்கு எட்டு வாரம்தான் இருக்கு. சரியா வரலேன்னா வித்துட்டுத்தான் மறுவேலை.”

தம்பி போய் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். குதிரையைப் பார்த்துக்கொள்வது அவர். போட்டியில் ஓட்டுவது அண்ணன்.

டாக்டரம்மா சேணத்தை இறக்கச் சொன்னார். வெற்று முதுகின் வலப்புறம் விரல்களால் அழுத்திக்கொண்டே போனார். கடுகு காதைக்கூட அசைக்கவில்லை. இடப்புறம் வந்தார். ஒரு சாண், இரண்டு சாண்…

சட்டென்று முதுகு பள்ளமாக இறங்கியது. தோல் துடித்தது.

“இங்கேதான்!” டாக்டரம்மாவின் குரல் லாயம் முழுக்கக் கேட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி பள்ளம். “நடிப்பு இல்ல சார், நிஜ வலி!”

சேணத்தைக் கவிழ்த்துத் தடவினார்.

“வலப்பக்கம் தலையணை மாதிரி இருக்கு. இடப்பக்கம் பஞ்சு அமுங்கிக் கல்லாயிடுச்சு. ஓட்டுறவர் இந்தப் பக்கமாவே சாயறார். ஒரு கால் துளி குட்டையா இருந்தாலே போதும், அவருக்கே தெரியாது.”

“நானா? இருபது வருஷமா ஓட்டுறேன்!” அண்ணன் முகம் சிவந்தது. “என்னைக் குறை சொல்ற குதிரை எனக்கு வேண்டாம். இன்னைக்கே போகட்டும்!”

“நான்தான் டாக்டர்,” என்றார் தம்பி. “காலையில பழக்குறது நான். கோணலாத்தான் உட்காருவேன்.”

அண்ணன் சிரித்தேவிட்டார். “அட பாவி! வாயில்லா ஜீவன் மேல பழியைப் போட்டேனே! இனிமே அது மேல ஏறிப் பாரு, உன் காலை ஒடிக்கிறேன்.”

“சரிண்ணே.”

“ஆறு வாரம் சேணமே கூடாது,” என்றார் டாக்டரம்மா. “வெந்நீர் ஒத்தடம், கையில பிடிச்சு நடை, சேணத்துக்குப் புதுப் பஞ்சு. அப்புறம் பாருங்க, எப்படித் தாண்டுதுன்னு!”

“கோப்பை நமக்குத்தான்டா!” கடுகின் கழுத்தைத் தட்டிவிட்டு, டாக்டரம்மாவை வழியனுப்பப் போனார் அண்ணன்.

தம்பி அண்ணனின் சவாரி பூட்ஸைத் துடைக்க உட்கார்ந்தார். துடைத்து முடித்ததும் ஒரு தோல் துண்டைப் பாத அளவுக்கு வெட்டி, இடது காலுக்கானதில் மட்டும் வைத்து அமுக்கினார்.